மீன் தொடாத விரல்கள்

அத்தியாயம் 9

"ஏம்மா கஸ்தூரி, நீ எந்த வயசுல டர்னர் வேலைக்குச் சேர்ந்தே?"

செங்கல்வராயன் சார் இப்படிக் கேட்டதும் அந்தக் குழந்தை திருதிருவென்று விழித்தது. நானும் அப்படித்தான் விழித்தேன். அப்பனைப் பறிகொடுத்து நாலு மாதமே ஆன எட்டு வயதுப் பெண்ணிடம் இது என்ன கேள்வி என்று அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டாரே தவிர, மனிதர் வாயை மூடவில்லை.

"கையைக் காட்டு பாப்பா. மருதாணி நல்லா செவந்துகீதே. யாரு வெச்சது?"

"எதுத்த குவார்ட்டர்ஸ் அக்காவுக்கு வளைகாப்பு. எல்லாப் பசங்களுக்கும் வெச்சாங்க."

வாய் பாதிதான் திறந்தது. இடது தாடையோடு சேர்த்து ஒரு பழைய துணியைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பல்வலியாம். பல்வலிக்கு நானும் துணி கட்டியிருக்கிறேன். ஆனால் தாடை எலும்பே ஒரு பக்கம் புடைத்து நிற்கும் பல்வலியை நான் கண்டதில்லை.

குழந்தை கையை விரித்தது. உள்ளங்கை பூராவும் மருதாணிச் சிவப்பு. அதற்குள் கடுகை இறைத்த மாதிரி கருஞ்சிவப்பாகப் புள்ளிகள். குனிந்து பார்த்தேன். புள்ளிகள் இல்லை, பொடிப்பொடியான குழிகள். குழிக்குள் இறங்கிய மருதாணி இரண்டு மடங்கு பிடித்திருந்தது.

அதற்குள் அடுப்படியிலிருந்து சொர்ணம் வந்துவிட்டாள். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. மகளின் கையை வெடுக்கென்று பிடுங்கி முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"அதான் எல்லாத்தையும் ஸ்டேஷன்லயே சொல்லிட்டனே. இன்னும் இன்னா வோணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வாணாம்மா. உங்க ஊட்டுக்காரருக்குக் கூடப்பொறந்தவங்க யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்ல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. சார் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார்.

நடுவில் வந்து புத்தகத்தைப் பிரித்தவர்களுக்காகக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். சார் சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். நான் பேபி. முப்பத்தொரு வயதில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் படும் பாடு தனிக்கதை. அம்பத்தூரில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் 'செங்கல்வராயன் துப்பறியும் நிலைய'த்தில் டைப் அடிப்பது, டீ போடுவது, சாரைத் திட்டுவது எல்லாம் என் வேலை.

செத்தவன் தங்கவேல். சொர்ணத்தின் புருஷன், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டும் டர்னர். ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. பருத்திப்பட்டு ஏரியில் காக்கி யூனிபாரத்தோடு பிணம் மிதந்தது. மூக்கும் ஒரு கண்ணும் கன்னமும் தாடையும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மீன் தின்றுவிட்டது என்றார்கள். நுரையீரலில் தண்ணீர் இல்லை, ஏரிக்குள் போகும்போதே உயிரில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். ஆக, கொலை.

முகமில்லாத பிணத்தைக் கையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். தங்கவேலின் உள்ளங்கை நிறையக் கரும்புள்ளிகள். லேத்தில் தெறிக்கிற சூடான இரும்புச் சீவல் சுட்டு, அதில் கிரீஸ் இறங்கியது என்று ஃபாக்டரி முழுக்க நம்பிக்கை. அவனைப் 'புள்ளிக்கை' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஏரிக்கரையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொர்ணம் கதறியதும் போலீஸ் வேறு எதையும் கேட்கவில்லை.

பிடிபட்டவன் கன்னியப்பன், பக்கத்து மெஷின்காரன். தங்கவேலின் மூக்கோரத்திலும் காதோரத்திலும் ஆறாத புண்கள் இருந்தன. "பெருநோய்க்காரன் குடிச்ச தம்ளர்ல எனக்கு டீ ஊத்தாதே" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் கன்னியப்பன் தம்ளரைத் தூக்கி அடித்தான். கைகலப்பு. "உன்னை ஒழிச்சுட்டுதான் எனக்கு மறுவேலை" என்று கூச்சலும் போட்டான். அந்த வாரத்துக்குள்ளேயே ஏரியில் பிணம். திங்கட்கிழமை செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு எடுக்கிறார்கள். தூக்கு விழலாம் என்று வக்கீலே கையை விரித்துவிட்டார். கன்னியப்பன் மனைவி நாகவல்லி எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத அழுகையில்தான் சார் இதில் இறங்கினார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

வெளியே வந்ததும் சார் சட்டைப்பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"பேபி, நீ மீன் திம்பியா?"

"துட்டு நீங்க குடுக்கறதா இருந்தா திமிங்கிலமே திம்பேன்."

"மீன் உன்னைத் தின்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கும்?"

"வாய்லேர்ந்து. அதான் உங்களுக்கு நிம்மதி."

"தப்பு. விரல் நுனி, காது மடல், இப்படி மெல்லிசா கீறதைத்தான் மொதல்ல கடிக்கும். மூக்கையும் கண்ணையும் தின்ன மீனு, பத்து விரலையும் தொடாம உட்டுட்டுப் போயிருக்கு. உள்ளங்கைப் புள்ளியை எண்ணலாம் போல இருந்துதாம். அது எந்த ஊரு மரியாதை தெரிஞ்ச மீனு?"

கடலைத் தோல் என் புடவையில் விழுந்தது. எனக்குத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

"அப்போ அந்த மூஞ்சி தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடியே..."

"போயிருக்கு. அப்புறம் அந்தப் புள்ளி. சீவல் தெறிச்சு வந்த புள்ளின்னா, சிலேட்டுப் புடிக்கிற குழந்தை கையில எப்படி வந்துது? அது லேத்து குடுத்ததில்ல, அப்பன் குடுத்தது. அப்பனுக்கு அவங்கப்பன் குடுத்திருப்பான். அந்த ரத்தத்துல பொறந்த யாரு கையிலயும் அது இருக்கலாம்."

"அப்போ ஏரியில மெதந்தது தங்கவேல்தான்னு சொல்ல முடியாது."

"தங்கவேல் வம்சம்னு மட்டும்தான் சொல்ல முடியும். அதான் கூடப்பொறந்தவங்க கீறாங்களான்னு கேட்டேன். அந்தம்மா பதிலை முன்னாடியே சமைச்சு மூடி வெச்சிருந்துது."

நாகவல்லியின் குவார்ட்டர்ஸ் அதே வரிசையில் கடைசி. கதவைத் திறந்தவளின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. தூங்கி எத்தனை நாளோ. தங்கவேல் ஓய்வு நாளில் எங்கே போவான் என்று சார் கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை ஆனா மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போவாரு. சைக்கிள்ல தூக்குச்சட்டி மாட்டிகினு."

"தூக்குச்சட்டியில இன்னா?"

"பிரசாதம் வாங்கியாறத்துக்குன்னு சொர்ணம் சொல்லும். ஆனா..." நாகவல்லி தயங்கினாள். "போம்போதே கனமாத்தான் போவும். எங்க ஊட்டைத் தாண்டச்சொல்ல கருவாட்டுக் கொழம்பு வாசனை வரும்."

"அம்மன் கோயிலுக்குக் கருவாட்டுக் கொழம்பா? குருக்கள் அடிச்சுத் தொரத்திடுவாரே," என்றேன்.

நாகவல்லி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருக்கிறாள்? எனக்கே என் வாயின்மேல் எரிச்சல் வந்தது.

"மாங்காட்டு ரோட்டுல அவங்களுக்கு எந்த ஊருன்னா சொந்தமா?" என்று சார் கேட்டார்.

"சொர்ணம் வாக்கப்பட்டது சென்னீர்குப்பத்துலன்னு ஒருவாட்டி சொன்னாமேரி ஞாபகம். அங்க இப்ப யாரும் இல்லன்னும் சொல்லிச்சு."

சாருடைய லாம்பரெட்டா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பூந்தமல்லி வரை போவது ஒரு தண்டனை. மேட்டில் ஏறும்போது நான் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் அவர் பிரேக் பிடிக்க மாட்டார். பூந்தமல்லியில் என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய டாக்டர் தாட்சாயிணியின் கிளினிக் முன்னால் வண்டியை நிறுத்தினார். அந்த அம்மா படித்துத் தேறியவர், சீமையில் அச்சாகும் வைத்தியப் பத்திரிகைகளைத் தபாலில் வரவழைத்துப் படிப்பவர். வாயில் வாழைப்பழத்தை வைத்துப் பேசுகிற ரகமில்லை.

சார் மூன்றே விஷயம் சொன்னார். உள்ளங்கையில் குழி. தாடையில் வீக்கம். அதே குடும்பத்தில் பெரியவர்களுக்கு முகத்தில் ஆறாத புண்.

டாக்டரம்மா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

"மூணும் ஒரே வியாதி சார். ரொம்ப அபூர்வம். பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடிதான் மூணையும் சேர்த்து ஒரே நோய்னு வெளிநாட்டுல எழுதினாங்க. தாடை எலும்புக்குள்ள நீர்க்கட்டி வரும். தோல்ல புற்று வரும், சின்ன மரு மாதிரி ஆரம்பிச்சு, கவனிக்காம விட்டா மூக்கு, கண்ணுன்னு அரிச்சுக்கிட்டே போகும். பெத்தவங்க ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வரலாம்."

"ஒட்டுவாரொட்டியா?" என்று நான் கேட்டேன்.

"ஒட்டவே ஒட்டாது. தொழுநோய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குழந்தைக்கு எத்தனை நாளா வீக்கம்?"

"துணி அழுக்கைப் பார்த்தா ரொம்ப நாளு," என்றார் சார்.

"உடனே கூட்டிட்டு வாங்க. கட்டி உள்ளே எலும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும். ஒரு நாள் முறுக்கைக் கடிச்சா தாடை ரெண்டா ஒடையும். இப்ப எடுத்துட்டா பொழைச்சுக்கும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ எப்படி வந்தது, எங்கெங்கே வந்ததுன்னு தெரிஞ்சா இன்னும் நல்லது."

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு செங்கல் சூளை. சூளைக்குப் பின்னால், மற்றக் குடிசைகளிலிருந்து எட்டி, கருவேல மரத்தடியில் ஒரு குடிசை தனியாக இருந்தது. அதற்கும் ஊருக்கும் நடுவே ஒரு பாறாங்கல். கல்லின்மேல் ஓர் அலுமினியத் தட்டு. சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், அங்கே யார் இருக்கிறார்கள் என்று சார் கேட்டார்.

"வேம்புலி. பெருநோயி. கிட்டப் போவாதீங்க. அது தம்பி ஒண்ணு ஞாயித்துக்கெழமையில சோறு எடுத்தாரும். அது ஏரியில செத்துப்பூடுச்சாம். இப்ப நாங்கதான் மிச்சம் மீதியைக் கல்லு மேல வெப்போம்."

"இப்பவும் உள்ளதான் கீறாரா?"

"தோ, வாசல்ல குந்திகினு கீறாரே."

வேட்டியும் சட்டையில்லாத உடம்புமாக ஒருவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். தலையையும் முகத்தையும் மூடி ஈரிழைத் துண்டு. கண் மட்டும் தெரிந்தது.

வழியெல்லாம் நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். தங்கவேலுக்கு ஒரு அண்ணன் இருக்க வேண்டும், ஏரியில் மிதந்தது அந்த அண்ணனாக இருக்க வேண்டும், தங்கவேல் உயிரோடு இருக்க வேண்டும், கன்னியப்பன் வீட்டுக்கு வர வேண்டும். அண்ணன் இருந்தான், சரி. ஆனால் இதோ உயிரோடு குந்தியிருக்கிறானே. அப்படியானால் ஏரியில் மிதந்தது தங்கவேலேதான். நாகவல்லியிடம் போய் நான் எந்த முகத்தோடு பேசுவேன்?

"போலாம் சார்," என்றேன். "நம்ம பொழைப்பு சிரிப்பா சிரிக்குது."

சார் நகரவில்லை. அந்தப் பெண்ணிடமே மறுபடி கேட்டார். "சோறு ஒழுங்கா சாப்புடறாரா?"

"அதைக் கேளுங்க. மின்னெல்லாம் கஞ்சி வெச்சாத்தான் எறங்கும், அதுவும் பாதி ஒழுகிடும். அதுக்கு வாய்ப்பக்கமே ஒண்ணும் இல்லியே. இப்ப கொஞ்ச மாசமா பழைய சோறும் கருவாடும் வெச்சா தட்டு காலி. போன வாரம் எங்கூட்டுப் பையன் முறுக்கு வெச்சான், அதையும் தின்னுட்டாரு. வியாதி கொறையுது போல."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேர்க்கடலை உரிக்கிற கை நின்றிருந்தது.

"பேபி, தாடை இல்லாதவனுக்குத் தாடை மொளைச்சிருக்கு."

முகத்தைப் பார்க்கக் கூசுகிற ஊர் இது. துண்டைப் பார்க்கும், தட்டைப் பார்க்கும், துண்டுக்குள் யார் என்று மட்டும் பார்க்காது. உள்ளே ஆள் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது?

சார் பாறாங்கல்லைத் தாண்டி நேரே போய் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். நானும் போனேன். போகும்போது எனக்குப் பயமாக இருந்தது. டாக்டர் அத்தனை சொல்லியும் பயம் போகவில்லை.

"வேம்புலியா?"

"ஆமா. கிட்ட வராதீங்க."

"தம்பி செத்ததுக்கு வருத்தம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

"தம்பி பொண்ணு கஸ்தூரியைக் காலையில பார்த்தோம். பாவம், வாயே தொறக்க முடியல. தாடை ஒரு பக்கம் இவ்ளோ பெரிசா வீங்கிக்கினு கீது. டாக்டரு சொல்றாங்க, இப்படியே உட்டா எலும்பு பொசுக்குனு ஒடைஞ்சுடுமாம்."

"எந்தப் பக்கம்?"

துண்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். அவன் எழுந்தே விட்டான். "எந்தப் பக்கம் சார்? சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா? காய்ச்சல் அடிக்குதா? சொர்ணம் ஒண்ணும் சொல்லலியே..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"பீச்சாங்கைப் பக்கம், தங்கவேல்," என்றார் சார்.

குழந்தையைத் தூண்டிலில் மாட்டிப் பிடித்தாரே என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய கோபம் இவன்மேல் வந்தது.

"உன் கூட வேலை பார்த்தவன் ஜெயில்ல கீறான்யா. திங்கக்கெழமை கேஸு. தூக்குல போட்டா உனக்குச் சோறு எறங்குமா?"

"தெரியும்மா." துண்டை அவிழ்த்தான். மூக்கின் ஓரம் கறுத்து, நடுவில் குழிந்து, பளபளவென்று விளிம்பு கட்டிய புண். கண்ணோரம் இன்னொன்று. "தெரிஞ்சிதான் குந்திகினு கீறேன். வாய்தா தள்ளிப்போவும், சாட்சி இல்லன்னு உட்ருவாங்கன்னு நெனச்சுகினே கீறேன். தினம் நெனப்பேன், எழுந்து போயிடலாம்னு. போவல."

பிறகு விட்டு விட்டுச் சொன்னான். அண்ணன் வேம்புலிக்கு இளம் வயதிலேயே முகத்தில் வந்தது. ஊர் ஒதுக்கியது. அப்பனுக்கு வந்ததும் இதேதான், அவரும் இதே மரத்தடியில்தான் செத்தார். தனக்கும் மூக்கில் ஆரம்பித்ததும், கேன்டீனில் கன்னியப்பன் தம்ளரை அடித்ததும், இனி தன் கதை முடிந்தது என்று நினைத்தான். நோய் என்று வெளியே அனுப்பினால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும் என்று ஃபாக்டரியில் பேசிக்கொள்வார்கள். வேலையில் இருக்கும்போது செத்தால் பெண்சாதிக்கு வேலை கிடைக்கும், வீடும் நிற்கும்.

"அந்தச் சனிக்கெழமை ஃபாக்டரிக்குக் கெளம்பினவன் மனசு கேக்காம சைக்கிளைத் திருப்பிகினு இங்க வந்தேன். அண்ணன் செத்துக் கெடந்தாரு. ஈ மொச்சுகினு கெடந்துது. யாருக்குமே தெரியல. என்கூட நின்னு அழுவக்கூட ஆளு இல்ல. அப்பத்தான் புத்தி இப்படிப் போச்சு. என் யூனிபாரத்தை மாட்டி, சூளைத் தள்ளுவண்டியில வைக்கோலைப் போட்டு மூடி, பொழுது போனப்புறம் இட்டும்போய் ஏரியில உட்டேன். தண்ணியில வுழுந்து செத்தாமேரி ஆயிடும்னு நெனச்சேன். கொலைன்னு ஆவும்னு எனக்குத் தெரியாது சார். சத்தியமா தெரியாது."

"சொர்ணத்துக்கு?"

"யாரும் பாக்காம போய்ச் சொல்லிட்டுத்தான் செஞ்சேன். வேலை ஆர்டர் வந்துட்டுதாம். ஒண்ணாந்தேதி சேரணும்." அவன் சாரின் காலைத் தொட்டான். "பாப்பாவை டாக்டர்கிட்ட காட்ட நானும் வரேன். ஆனா ஸ்டேஷன் வாணாம் சார். அவங்க ரெண்டு பேரும் தெருவுக்கு வந்துடுவாங்க."

"டாக்டர்கிட்ட மட்டும் வா," என்றார் சார்.

ரோட்டோரக் கடையில் சோடா குடிப்பதாகப் போனவர் இரண்டு போன் பேசிவிட்டு வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கிளினிக்கில் நாங்கள் நுழைந்த சற்று நேரத்தில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. நாகவல்லி இறங்கினாள், அவள் பின்னால் சொர்ணமும் குழந்தையும். குழந்தையைக் காட்டுவதற்கென்று மட்டும் சொல்லித்தான் நாகவல்லி அவர்களை அழைத்து வந்திருந்தாள். உள்ளே துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைக் கண்டதும் சொர்ணத்தின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. மூலை நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இந்த வழக்கின் இன்ஸ்பெக்டர் திருவேங்கடம்தான். அவரை எனக்குத் தெரியும், சொர்ணத்துக்கு நன்றாகவே தெரியும். தங்கவேலும் அவள் பார்வை போன திசையைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

டாக்டரம்மா குழந்தையை நாற்காலியில் சாய்த்து, துணியை அவிழ்த்து, விளக்கைத் திருப்பினார். தாடையை மெல்ல அமுக்கினார். குழந்தை அழவில்லை. துண்டுக்காரனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு இல்லை, ரெண்டு கட்டி. அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணணும், நான் எழுதித் தரேன். இதுக்கப்புறமும் வருஷா வருஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும். குடும்பத்துல யாருக்கெல்லாம் இருந்தது?" டாக்டர் துண்டுக்காரன் பக்கம் திரும்பினார். "முகத்தைக் காட்டுங்க. கூச்சப்படாதீங்க."

அவன் துண்டைப் பாதி விலக்கினான். டாக்டர் வெறும் விரலால் அந்தப் புண்ணின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். தங்கவேல் விதிர்த்துப்போய்ப் பின்வாங்கினான். அவனை வெளி ஆள் யாரும் தொட்டு எத்தனை காலமாயிற்றோ.

"கையைத் தொடைச்சுக்குங்கம்மா. பெருநோயி," என்றான்.

"யார் சொன்னது? இது தொழுநோயே இல்லை. யாருக்கும் ஒட்டாது. இந்த அளவுல இருக்கும்போதே வெட்டி எடுத்துட்டா நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போகலாம். ஒட்டாத நோய்னு நானே சர்டிபிகேட் குடுத்திருப்பேனே. யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டல."

"ஏன்?"

"டாக்டரு வாயால பெருநோயின்னு சொல்லிட்டா, அப்புறம் அது நெசமாயிடும்னு..."

அப்பனுக்குப் பயம், அண்ணனுக்குப் பயம், இவனுக்குப் பயம். மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு டாக்டர் வாசலை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் இந்த நாலு மாதமே கிடையாது.

"சரி, நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பெரியப்பா," என்றாள் சொர்ணம். "என் ஊட்டுக்காரரோட அண்ணன், வேம்புலி. சென்னீர்குப்பத்துல கீறாரு." அவள் குரல் நடுங்கவில்லை. கண் மட்டும் அவனைக் கெஞ்சியது. ஒண்ணாந்தேதி வேலை, குவார்ட்டர்ஸ், மகளின் ஆபரேஷன், எல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பத்திரிகையை மடித்தார். நாகவல்லி சுவரோடு ஒட்டி நின்றாள். சார்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.

தங்கவேல் மகளைப் பார்த்தான். பிறகு நாகவல்லியைப் பார்த்தான். பார்த்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் பெரியப்பா இல்லம்மா," என்றான் டாக்டரிடம். "பெத்தவன். டர்னர் தங்கவேல்."

சொர்ணம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நாகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "அப்போ ஏரியில எடுத்துச் சுடுகாட்டுல எரிச்சோமே, அது யாரு? பேர் சொல்லு."

"எங்கண்ணன்." அதற்கு மேல் வரவில்லை. வாய் இரண்டு முறை திறந்து மூடியது. "வேம்புலி. எங்கண்ணன் வேம்புலி செத்துட்டாரு சார்."

செத்து நாலு மாதம் ஆன மனிதனின் பெயரைச் சாவோடு சேர்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் தங்கவேல் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தான். வெளியே பல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கதவைச் சாத்தவில்லை. அவனை நிறுத்தச் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.